அலெக்சாந்திரியா: கடலோரத்தில் ஒரு கடைமடை நகரம் (விவாத இழை)

நெய்தல்நிலவன்

அலெக்சாந்திரியாவைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் நூலகம் எரிந்ததையும், கலங்கரை விளக்கம் இடிந்ததையும், கிளியோபாட்ராவின் முடிவையும் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. அவளுக்குப் பிறகும் அந்நகரம் இரண்டாயிரம் ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. இன்றும் எகிப்தின் இரண்டாவது பெரிய நகரம் அதுதான். உரோமுக்கு அடுத்தபடியாகப் பேசப்பட்ட பெருநகரம், 1798 ஜூலையில் நெப்போலியனின் படை கரையிறங்கியபோது ஏறத்தாழ எட்டாயிரம் பேரே வாழ்ந்த ஊராகச் சுருங்கிக் கிடந்தது ஏன்? அதே ஊரின் மக்கள்தொகை 1882ஆம் ஆண்டில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது எப்படி? இவ்விரண்டு கேள்விகளையும் சேர்த்தே விவாதிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

துறைமுக நகரம் என்பதால் அதன் தலைவிதியைக் கடலில் தேடுகிறோம். என் கணிப்பில், அது நைல் ஆற்றிலிருந்து வந்த ஒரு கால்வாயில் இருந்தது. கி.மு. 331இல் அலெக்சாந்தர் தேர்ந்தெடுத்த இடம், வடக்கே கடலுக்கும் தெற்கே மரியோத்திஸ் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் சுண்ணாம்புப் பாறை மேடு. அங்கே ஆறு இல்லை, பெருநகருக்குப் போதுமான ஊற்றும் இல்லை. நைலின் மேற்கோடிக் கிளையான கனோப்பிக் கிளையிலிருந்து, ஸ்கெடியா என்ற ஊருக்கருகே ஒரு கால்வாய் பிரிந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடி நகரை அடைந்தது. குடிநீரும், கோதுமையும், பப்பிரசுத் தாளும், மேல் எகிப்தின் கருங்கல்லும் அந்த நீர்வழியை நம்பியே இருந்தன. ஆற்றுச் சரக்குக்கு ஸ்கெடியாவிலேயே சுங்கம் வாங்கினார்கள். கி.மு. 25 வாக்கில் எகிப்தில் பயணம் செய்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ, நகரின் ஏரிப்பக்கத் துறைமுகம் கடற்பக்கத் துறைமுகத்தைவிடச் செல்வம் மிகுந்தது என்று எழுதியிருக்கிறார். இந்த ஒரு குறிப்பை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

பாசன மொழியில் சொன்னால் அலெக்சாந்திரியா ஒரு கடைமடை ஊர். தலைமடையில் எது தவறினாலும் அது முதலில் தெரிவது கடைமடையில்தான். கால்வாய் ஓடிய நூற்றாண்டுகளில் நகரம் பெருகியது. தூர்ந்த நூற்றாண்டுகளில் சுருங்கியது. மாற்றுக் கருத்துடையவர்கள் சான்றுகளோடு எழுதுமாறு வேண்டுகிறேன்.

அலைதாங்கி

துறைமுகக் கட்டுமானம் என் தொழில். எனவே கடலின் பக்கம் நின்று சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். நைல் கழிமுகத்தின் கடற்கரையில் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டல் முழுவதையும் அது கிழக்கே தள்ளிக்கொண்டு போகிறது. கழிமுகத்துக்குள் அமைந்த துறைமுகங்கள் வண்டலோடு ஓயாமல் போராட வேண்டியிருந்தபோது, கழிமுகத்துக்கு மேற்கே அமைந்த அலெக்சாந்திரியாவுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. அதற்கு முன் கிரேக்கக் கப்பல்கள் எகிப்துக்குள் நுழைந்த வாயில், கனோப்பிக் கிளையின் முகத்துவாரத்தில் இருந்த தோனிஸ்-ஹெராக்ளியோன். இறுகாத களிமண்ணின் மேல் எழுந்த அந்நகரம் படிப்படியாக அமிழ்ந்து, கடைசியில் கடலுக்கடியில் போய்விட்டது. 2000ஆம் ஆண்டில் அபூக்கீர் விரிகுடாவில், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அதைக் கண்டறிந்தார்கள். அலெக்சாந்தரின் ஆட்கள் பாறை மேட்டைத் தேர்ந்ததன் அருமை இந்த ஒப்பீட்டில் நன்கு விளங்கும்.

கரைக்கு எதிரே சுமார் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஃபாரோஸ் தீவு, வடமேற்குப் பருவ அலைகளுக்கு இயற்கையான தடுப்பாக அமைந்தது. தீவையும் கரையையும் ஏழு ஸ்டேடியம் (பழைய கிரேக்க நீள அளவு) நீளமுள்ள அணைகரையால் இணைத்தபோது, கிழக்கே பெருந்துறைமுகம், மேற்கே யூனோஸ்தோஸ் என இரண்டு துறைமுகங்கள் கிடைத்தன. காற்றின் திசைக்கேற்பக் கப்பல்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல, அணைகரையில் இரண்டு இடங்களில் திறப்பு விட்டு மேலே பாலம் கட்டியிருந்தார்கள். இதில் நெய்தல்நிலவன் கருத்துக்கு வலு சேர்க்கும் செய்தி ஒன்று உண்டு. தீவில் மக்கள் வாழ்ந்த காலத்தில் அதே அணைகரை வழியாகத்தான் குடிநீரும் தீவுக்குச் சென்றது என்று ஸ்திராபோ குறிப்பிடுகிறார். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அணைகரையின் இருபுறமும் மணல் சேர்ந்து, அது அகன்ற நிலப்பரப்பாகவே மாறிவிட்டது. பிற்காலத் துருக்கிய நகரம் எழுந்தது அந்த மணலின் மேல்தான்.

பழஞ்சுவடி

நீர் அந்நகரின் உயிர்நிலை என்பதற்கு, சீசரின் அலெக்சாந்திரியப் போரைப் பற்றிய இலத்தீன் நூல் நேரடிச் சான்று தருகிறது. கி.மு. 48-47இல் சீசர் அரண்மனைப் பகுதியில் முற்றுகையில் சிக்கியிருந்தார். நகரம் முழுவதும் நிலத்தடியில் குடையப்பட்டு, நைல் நீர் வாய்க்கால்கள் வழியாக வீடுகளின் அடியில் வந்து தங்கித் தெளியும் என்று அந்நூல் விவரிக்கிறது. வீட்டுக்காரர்கள் தெளிந்த நீரைக் குடித்தார்கள். எளிய மக்களோ கலங்கல் நீரையே குடித்து நோய்வாய்ப்பட்டார்கள் என்றும் அது சொல்கிறது.

எதிர்ப்படையை நடத்திய கனிமீத், தம் வசமிருந்த பகுதியின் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டு, சக்கரங்களாலும் பொறிகளாலும் கடல்நீரை இறைத்து, சீசர் இருந்த பகுதியை நோக்கிப் பாய்ச்சினார். முதலில் நீர் சற்று உவர்த்தது. அருகருகே இருந்த வீட்டார், ஒரே நீர் ஓரிடத்தில் உவர்ப்பதும் ஓரிடத்தில் இனிப்பதும் எப்படி என்று திகைத்தார்கள். சிறிது காலத்தில் அண்மையில் இருந்த தொட்டிகள் முற்றிலும் குடிக்க முடியாதவையாயின. படைவீரர்கள் கப்பலேறித் தப்பிவிடலாம் என்று துடித்தபோது, கடற்கரை நிலத்தில் இயல்பாகவே நன்னீர் ஊறும் என்று சொல்லி, சீசர் இரவு முழுவதும் கிணறு தோண்டச் செய்தார். ஒரே இரவில் போதுமான நீர் கிடைத்தது.

இந்நிகழ்ச்சியை வீரக் கதையாக மட்டும் படிப்பது போதாது. மண்ணுக்கடியில் ஒரு நகரம் மேலே உள்ள நகரத்துக்கு ஈடாக இருந்தது என்பதை இது காட்டுகிறது. இன்றும் காணக்கூடிய அல்-நபீஹ் நிலவறைத் தொட்டியில், பழைய கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்களை ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்காக நிறுத்தி வளைவுகளால் இணைத்திருக்கிறார்கள். கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் செதுக்கிய தூண்கள் இடைக்காலத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கப் போய்ச் சேர்ந்தன. ஆண்டுதோறும் நைலில் வெள்ளம் வரும்போது கால்வாய் நிரம்பும், அப்போது இத்தகைய நூற்றுக்கணக்கான தொட்டிகளை நிரப்பிக்கொண்டு அடுத்த வெள்ளம் வரை நகரம் காலம் தள்ளும்.

வைகைக்கரை

மூவரும் எழுதியவை செறிவானவை. ஆயினும் நெய்தல்நிலவன் ஐயாவின் அடிப்படைக் கருத்தோடு என்னால் முழுவதும் உடன்பட இயலவில்லை. கால்வாய் தூர்ந்தது நோயன்று, அறிகுறி. நைல் வண்டல் நிறைந்த ஆறு. அதிலிருந்து பிரியும் எந்தக் கால்வாயும் தொடர்ந்து தூர்வாரப்படாவிட்டால் சில பத்தாண்டுகளில் அடைபட்டுவிடும். எனவே யார், யாருக்காகத் தூர்வாரினார்கள் என்பதே உண்மையான கேள்வி.

எகிப்தைக் கைப்பற்றிய அகஸ்தஸ், நெடுங்காலமாகச் சேறு படிந்திருந்த நைல் கால்வாய்களைத் தம் படைவீரர்களைக் கொண்டு சுத்தம் செய்வித்தார் என்று உரோம வரலாற்றாசிரியர் சூத்தோனியஸ் எழுதுகிறார். உரோம் நகரத்துக்குச் சோறு வேண்டியிருந்தது; அதனால் செய்தார். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பல்கள் இத்தாலியின் புத்தியோலித் துறைமுகத்துக்கு வரும் நாளை உரோமத் தத்துவ அறிஞர் செனெக்கா தம் கடிதம் ஒன்றில் வருணித்திருக்கிறார். மற்றக் கப்பல்கள் கரையை நெருங்கும்போது உச்சிப் பாயை இறக்கிவிட வேண்டும். அலெக்சாந்திரியக் கப்பல்களுக்கு மட்டும் அதை விரித்தபடியே வர உரிமை உண்டு. எனவே மக்கள் தொலைவிலேயே அடையாளம் கண்டு துறையில் கூடிவிடுவார்களாம். 4ஆம் நூற்றாண்டில் அந்தத் தானியம் கான்ஸ்டாண்டினோப்பிளுக்குத் திருப்பப்பட்டது. 619 வாக்கில் பாரசீகர் நகரைப் பிடித்தபோது அதுவும் நின்றது.

அடுத்து 642இல் நகரம் அரபுப் படைகள் வசமானது. அப்படைகளின் தளபதி அம்ர் இப்னுல் ஆஸ் தலைநகரை உள்நாட்டில், இன்றைய கெய்ரோவின் பகுதியான ஃபுஸ்தாத்தில் அமைத்தார். அவர் முதலில் செப்பனிடச் செய்த பெரிய கால்வாய் எது என்று பாருங்கள்: நைலையும் செங்கடலையும் இணைத்த பழைய கால்வாய். எகிப்தின் தானியம் இனி மதீனாவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஆயிரம் ஆண்டுகளாக வடக்கு நோக்கி ஓடிய தானியம் கிழக்கு நோக்கித் திரும்பியபோது, வடக்கே இருந்த கடைமடை ஊரை யார் பொருட்படுத்துவார்கள்? 9ஆம் நூற்றாண்டில் எழுந்த புதிய மதில், பழைய நகரத்தின் பரப்பில் ஒரு பகுதியை மட்டுமே வளைத்தது என்பதிலிருந்து சுருக்கத்தின் அளவை உணரலாம்.

பழஞ்சுவடி

வைகைக்கரை அவர்கள் அரபு வெற்றியைக் குறிப்பிட்டதால், இதே இடத்தில் வழக்கமாகக் கிளம்பும் நூலகக் கதையைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. கலீஃபா உமரின் ஆணைப்படி நூல்கள் எரிக்கப்பட்டன என்னும் கதை 13ஆம் நூற்றாண்டு எழுத்துகளில்தான் முதன்முதலாக வருகிறது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. சீசர் காலத் தீ, 3ஆம் நூற்றாண்டுப் போர்களில் அரண்மனைப் பகுதி அடைந்த அழிவு, 391இல் செராப்பியம் கோயில் இடிக்கப்பட்டது என இழப்புகள் பல முறை நேர்ந்தன. அதே வேளையில் கல்வி அங்கே அடியோடு அற்றுவிடவில்லை. கோம் எல்-திக்காவில் போலந்து ஆய்வாளர்கள் அகழ்ந்தெடுத்த விரிவுரை மண்டபங்கள் ஏறத்தாழ இருபது. குதிரை லாட வடிவில் படிப்படியான கல் இருக்கைகளும், நடுவே ஆசிரியருக்கான உயர்ந்த இருக்கையும் அவற்றில் உள்ளன. அவை 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை பயன்பட்டவை. கணித, தத்துவ அறிஞர் ஹைபேஷியா 415இல் கொல்லப்பட்டதோடு அலெக்சாந்திரியாவில் அறிவு மாண்டது என்று எழுதுகிறவர்கள் இம்மண்டபங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மிளகுக்கொடி

இந்நகருக்கும் நம் கடற்கரைக்கும் இருந்த உறவு இவ்விழைக்கு நேரடியாகப் பொருந்துவதால் எழுதுகிறேன். வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறிப் பப்பிரசு, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்துக்காகப் பெற்ற கடன் பற்றிய ஒப்பந்தமும், மறுபக்கத்தில் ஹெர்மப்போலோன் என்னும் கப்பலின் சரக்கு மதிப்பும் உள்ளன. எஞ்சியுள்ள பகுதியில் கங்கைச் சமவெளியின் சடாமாஞ்சில், யானைத் தந்தம், துணி ஆகியவை பேசப்படுகின்றன. மொத்த மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டெர்ஸ் (உரோம நாணயம்) என்று கணக்கிடுகிறார்கள். அக்கால உரோமில் செனட் உறுப்பினராவதற்குத் தேவையான சொத்து மதிப்பு 10 லட்சம் செஸ்டெர்ஸ் என்பதை அதனோடு வைத்துப் பார்த்தால் ஒரே கப்பலின் பெறுமானம் விளங்கும்.

அந்த ஒப்பந்தத்தில் நான் சுட்டிக்காட்ட விரும்புவது அதன் வழித்தடம். செங்கடல் துறையில் இறங்கும் சரக்கு, காவலோடு ஒட்டகங்களில் பாலைவனம் கடந்து நைல் கரையிலுள்ள கொப்தோஸ் நகரின் அரசுப் பண்டகசாலைக்குச் செல்ல வேண்டும். கடன் கொடுத்தவரின் முத்திரை அதன் மேல் இருக்க வேண்டும். அங்கிருந்து ஆற்றுப் படகில் ஏற்றி, அலெக்சாந்திரியாவின் பண்டகசாலையில் சேர்த்து, நான்கில் ஒரு பங்கு சுங்கமாகச் செலுத்த வேண்டும். பருவக்காற்றில் அரபிக் கடலைக் கடந்து வந்த சரக்கின் கடைசிக் கட்டமும் படகுப் பயணம்தான். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அந்த மிளகு மத்தியதரைக் கடலைக் காணுமுன் நைலில் பல நாள் மிதந்திருக்கிறது. ஸ்திராபோவின் குறிப்புப்படி கடற்பக்கத் துறையைவிட ஏரிப்பக்கத் துறை செல்வம் மிகுந்திருந்ததற்கு நம் கரையின் சரக்கும் ஒரு காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கயல்விழி

அனைவரும் ஆற்றைப் பற்றியே எழுதுகிறீர்கள். 365ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் அடுத்தடுத்த நிலநடுக்கங்களும் நகரின் வீழ்ச்சியில் பங்கு பெறவில்லையா? அரண்மனைப் பகுதி முழுவதும் கடலுக்குள் சென்றுவிட்டது என்று படித்திருக்கிறேன்.

அலைதாங்கி

நல்ல கேள்வி. கிரீட் தீவருகே நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து 365 ஜூலை 21 அன்று எழுந்த பேரலையை உரோம வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் விவரித்திருக்கிறார். கடல் பின்வாங்கியது, திறந்து கிடந்த கடலடியில் மக்கள் இறங்கி மீன்களைக் கையால் பொறுக்கினார்கள், பிறகு கடல் திரும்பிப் பாய்ந்தது. அலெக்சாந்திரியாவில் கப்பல்கள் வீட்டுக் கூரைகளின் மேல் போய் நின்றன என்கிறார். 2004ஆம் ஆண்டு டிசம்பரை நேரில் கண்ட நம் கரையோர மக்களுக்கு, கடல் பின்வாங்கிய அந்தக் கணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்நாளை அலெக்சாந்திரிய மக்கள் பல தலைமுறைகள் ஆண்டுதோறும் விளக்கேற்றி நினைவுகூர்ந்தார்கள்.

ஆனால் அதற்குப் பிறகும் நகரம் இருநூற்றைம்பது ஆண்டுகள் செழிப்பாகவே இருந்தது. கிழக்குத் துறைமுகத்தில் அரண்மனைப் பகுதி நிலநடுக்கத்தாலும், நிலம் அமிழ்ந்ததாலும், கடல்மட்டம் உயர்ந்ததாலும் ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குச் சென்றது உண்மை. 1990களில் முக்குளிப்பு ஆய்வாளர்கள் அதன் தளவரிசைகளையும் துறைச்சுவர்களையும் வரைபடமாக்கினார்கள். கலங்கரை விளக்கமும் ஒரே நாளில் விழவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்துக்கு எழுந்த அது, பல நிலநடுக்கங்களில் சிறிது சிறிதாகச் சிதைந்தது. 1303ஆம் ஆண்டின் நிலநடுக்கம் மிகக் கடுமையானது. 1326இல் ஒரு பக்கம் இடிந்த நிலையில் அதைக் கண்ட பயணி இப்னு பதூதா, 1349இல் மீண்டும் வந்தபோது வாயிலுக்குள் நுழையக்கூட முடியாத அளவுக்கு அது பாழடைந்திருந்ததைப் பதிவு செய்கிறார். 1477இல் தொடங்கி அதே இடத்தில் சுல்தான் காயித்பாய் கோட்டை கட்டினார். கலங்கரை விளக்கம் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் நின்ற கட்டடம். கடல் அந்நகருக்குக் காயங்களைத் தந்தது. மக்கள்தொகையைச் சில ஆயிரமாகக் குறைத்தது கடல் அன்று என்பதே என் மதிப்பீடும்.

வைகைக்கரை

இடைக்காலத்தை நாம் வீழ்ச்சி என்று ஒரே சொல்லில் கடந்துவிடக் கூடாது. 13 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் காலத்தில் அலெக்சாந்திரியா மத்தியதரைக் கடலின் மிளகுச் சந்தையாக மீண்டும் தலையெடுத்தது. வெனிஸ், ஜெனோவா, கத்தலோனிய வணிகர்களுக்குத் தனித்தனி வணிக விடுதிகள் இருந்தன. இரவில் அவற்றின் கதவுகளை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். கிறித்தவர்களின் கப்பல்கள் கிழக்குத் துறைமுகத்தில் மட்டுமே நிற்கலாம், மேற்குத் துறைமுகம் முஸ்லிம் கப்பல்களுக்கு உரியது. 1365 அக்டோபரில் சைப்ரஸ் அரசர் முதலாம் பீட்டரின் படை நகரைச் சூறையாடியது பேரிழப்பு. அதற்கு முன்பே கறுப்பு மரணம் எனப்பட்ட கொள்ளைநோய் வேறு வந்து போயிருந்தது.

இங்கே என் வாதத்துக்கு ஆதாரமாக ஒன்றைச் சொல்கிறேன். 1311 வாக்கில் சுல்தான் அல்-நாசிர் முஹம்மது அலெக்சாந்திரியக் கால்வாயை மீண்டும் தோண்டச் செய்தார். 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் பர்ஸ்பாயும் அதைத் தூர்வாரினார். மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கியவரும் அதே பர்ஸ்பாய்தான். இலாபம் இருந்தபோது கால்வாய் தோண்டப்பட்டது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தவுடன் அலெக்சாந்திரியாவுக்கு மிளகு வருவது நின்றுவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அது மறுபடி பெருகவும் செய்தது. ஆனாலும் நீண்ட காலத்தில் வணிகம் தேய்ந்தது. தூர்வாரும் ஆர்வமும் அதனோடு தேய்ந்தது.

நெய்தல்நிலவன்

வைகைக்கரை அவர்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆறு எப்போதும் அரசர்களின் விருப்பத்துக்குக் காத்திருக்கவில்லை. கனோப்பிக் கிளையே இடைக்காலத்தில் தூர்ந்து மறைந்துவிட்டது. நைலின் நீர் ரொசெட்டா, தமியெட்டா என்னும் இரண்டு கிளைகளில் ஒடுங்கியது. அதனால் கால்வாயின் தலைமதகு ஒவ்வொரு முறையும் இன்னும் கிழக்கே, இன்னும் தொலைவில் அமைய வேண்டியிருந்தது. முன்பு தூர்வாரியது போதுமானதாக இருந்த இடத்தில், இப்போது புதிதாகத் தோண்ட வேண்டியதாயிற்று. துருக்கியர் காலத்தில் சரக்குப் படகுகள் ரொசெட்டா நகரிலிருந்து ஆபத்தான முகத்துவார மணல்மேட்டைக் கடந்து கடல்வழியாக வந்தன. அதனால் ரொசெட்டா வளர்ந்தது, அலெக்சாந்திரியா தேய்ந்தது.

மரியோத்திஸ் ஏரியின் கதி இதைவிடத் தெளிவானது. கால்வாய்கள் வழியாக வெள்ளநீர் வந்து நிரம்பிய காலத்தில் அதன் கரைகளில் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. மரியோத்திஸ் மது உரோமில் புகழ்பெற்றிருந்தது. நீர்வரத்து நின்றபின் ஏரி வற்றி உவர்நிலமாயிற்று. 1801 ஏப்ரலில் பிரெஞ்சுப் படையை நகருக்குள் அடைத்து வைப்பதற்காக, ஆங்கிலேயப் படை கரையை வெட்டிக் கடல்நீரை அந்த ஏரிப்படுகைக்குள் விட்டது. ஏரிப்படுகையில் இருந்த சிற்றூர்களும் வயல்களும் சில வாரங்களில் உப்புநீருக்கடியில் போயின.

பின்னர் எகிப்தின் ஆளுநராக இருந்த முஹம்மது அலி 1817 முதல் 1820 வரை வெட்டிய மஹ்மூதியாக் கால்வாய் ரொசெட்டா கிளையிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு அலெக்சாந்திரியாவை அடைந்தது. குடிநீர் வந்தது. பருத்தி மூட்டைகள் படகுகளில் நேராகத் துறைமுகத்துக்கு வந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரின் போது எகிப்துப் பருத்தியின் விலை ஏறியது அந்நகருக்குப் பெருஞ்செல்வத்தைக் கொடுத்தது. கெய்ரோ வரை இருப்புப்பாதை 1856இல்தான் நிறைவுற்றது. எனவே முதல் முப்பத்தைந்து ஆண்டுகளின் வளர்ச்சியைக் கால்வாயின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பழஞ்சுவடி

அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். மஹ்மூதியாக் கால்வாய்க்காக லட்சக்கணக்கான உழவர்கள் கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டார்கள். போதுமான கருவிகளும் உணவும் தங்குமிடமும் தரப்படவில்லை; பலர் வெறுங்கையால் சேற்றை அள்ளினார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை குறித்த மதிப்பீடுகள் ஒன்றோடொன்று பெரிதும் வேறுபடுகின்றன. மிகக் குறைந்த மதிப்பீடும் பத்தாயிரத்துக்கு மேல்தான். கால்வாய்க்குப் பெயர் வைக்கும்போது ஓட்டோமான் சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் பெயரை வைத்தார்கள். அலெக்சாந்திரியாவின் மறுமலர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிரேக்க, இத்தாலிய, யூத, சிரிய வணிகர்களின் மாளிகைகளையும் காப்பிக் கடைகளையும் விரிவாக எழுதுகிறார்கள். அந்நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து மாண்ட கழிமுகத்து உழவர்களுக்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். பழைய கால்வாய்களைத் தோண்டியவர்களும் இவர்களைப் போன்றவர்களே. அவர்களின் இறப்பை எழுதிவைக்க யாரும் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

வைகைக்கரை

பழஞ்சுவடி அவர்கள் எழுதியதற்குப் பின் என் வாதத்தை இன்னும் திட்டமாகச் சொல்ல முடிகிறது. கடைமடைக்கு நீர் வருவதற்கு ஆறு வேண்டும், வணிகம் வேண்டும். இவற்றோடு, ஆயிரக்கணக்கானோரைச் சேற்றில் இறக்கும் அதிகாரம் உள்ள ஓர் அரசும் வேண்டியிருந்தது. அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்கள், அகஸ்தஸ், அல்-நாசிர், முஹம்மது அலி ஆகியோரிடம் அது இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் உள்பூசலில் மூழ்கியிருந்த எகிப்தின் மம்லூக் பேக்களிடம் (ஆட்சித் தலைவர்களிடம்) அது இல்லை.

கயல்விழி

மஹ்மூதியாக் கால்வாய் இன்று எந்த நிலையில் இருக்கிறது?

நெய்தல்நிலவன்

இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் வந்தபின் படகுப் போக்குவரத்து குறைந்து, நகருக்குள் ஓடிய பகுதி கழிவுநீர் கலந்து கெட்டுவிட்டது. அண்மை ஆண்டுகளில் அந்தப் பகுதியை மூடி, அதன் மேல் அகன்ற சாலை அமைத்துவிட்டார்கள். நகரின் குடிநீர் இன்றும் நைலிலிருந்துதான் வருகிறது; சுத்திகரிப்பு நிலையங்களும் குழாய்களும் நிலவறைத் தொட்டிகளின் வேலையைச் செய்கின்றன. 1970இல் நிறைவுற்ற அஸ்வான் உயர் அணைக்குப் பிறகு வெள்ளமும் இல்லை, வண்டலும் இல்லை. வண்டல் வராததால் கழிமுகக் கரை அரிக்கப்படுவதைப் பற்றி அலைதாங்கி அவர்கள் தனி இழை தொடங்கினால், ரொசெட்டா முகத்துவாரத்திலிருந்து பேச்சைத் தொடரலாம்.